புதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் போடலாமா?



சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணாச்சி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். நம்ம பில் புரோகிராம் அதுல ஓட மாட்டேங்குது. பழைய விண்டோஸ் போட்டுத் தாறேன்னு ஒரு தம்பி சொல்றான். போடலாமா?" என்று கேட்டார். ஏதோ தப்புக் காரியத்துக்கு யோசனை கேட்பவர் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. பலருக்கும் உள்ள தொல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது பெரிய பெரிய நிறுவனங்களே அதை ஒதுக்கிவிட்டுப் புது மெஷின்களில் எக்ஸ்.பி.யைத் திரும்பப் போட்டுக்கொண்டன. விஸ்டாவின் பிசினஸ் பதிப்பை வாங்கியவர் எக்ஸ்.பி. புரொபஷனலுக்குத் திரும்பலாம் என்று மைக்ரோசாஃப்டே உரிமை கொடுத்திருந்தது. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது, அதன் புரொபஷனல் பதிப்புக்குள் ஓர் எக்ஸ்.பி.யை வைத்து ஓட்டும் வசதியையும் தந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர் நின்றால் தொழில் நின்றுவிடும் என்பது பெரிய கம்பெனிக்கும் ஒன்றுதான், மளிகைக் கடைக்கும் ஒன்றுதான்.

நம் கடைகளில் உள்ள பழைய புரோகிராம்கள் பலவும் டாஸ் காலத்தவை. பாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ உள்ளூர்த் தம்பிகள் எழுதிக் கொடுத்தவை. இவை 16 பிட் வகை. 32 பிட் விண்டோஸ் எதை எடுத்தாலும், விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பு வரைக்கும், இவற்றை ஏற்று நடத்த உள்ளே ஒரு பகுதி உண்டு. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே புது மெஷினில் புரோகிராம் திறக்கவில்லை என்றால் மெஷினிலும் பழுதில்லை, புரோகிராமிலும் பழுதில்லை. கடைப் பையனைத் திட்டவும் வேண்டாம்.

(வேடிக்கை என்னவென்றால், இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல. பென்டியம் மெஷின்கள் வேகம் கூடக் கூட, பாக்ஸ்புரோ புரோகிராம்கள் 'பூஜ்யத்தால் வகுத்தல்' என்று ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். மெஷினின் வேகம் அதிகமாகிவிட்டதுதான் காரணம் என்று தெரிந்தபோது, நம்மில் பலர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம்.)

"அந்தப் பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது சாஃப்ட்வேர் வாங்குங்கள்" என்று கம்ப்யூட்டர் விற்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஒரு நாள் நம் கல்லாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விருதுநகரில் என் கமிஷன் கடையில் உள்ள புரோகிராம் 1997-இல் எழுதப்பட்டது. எழுதிய தம்பி அப்போது கல்லூரி முடித்திருந்தார். இரண்டு மாதம் கடையிலேயே உட்கார்ந்து, கணக்கப்பிள்ளை எப்படிப் பட்டியல் போடுகிறார் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். அதில் மகமைக்குத் தனிக் கலம் உண்டு. இறக்குக் கூலி, சாக்குக் கழிவு, லாரி வாடகையில் பாதியைப் பார்ட்டி பெயரில் பற்று எழுதுவது, மல்லிக்கு ஒரு கணக்கு, வற்றலுக்கு ஒரு கணக்கு என்று எல்லாம் நம் வழக்கப்படி இருக்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் பேரேடு, இன்னொன்றைத் தட்டினால் நாள்வழி. எங்கள் கணக்கப்பிள்ளை மௌஸைத் தொடாமல் ஒரு நிமிடத்தில் பட்டியல் போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து மூன்று பிரதி கிழித்துக் கொடுத்துவிடுவார். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி பில்லுக்கு வேறு சாஃப்ட்வேர் வாங்கிவிட்டோம். ஆனால் பற்று வரவு முழுவதும் பழையதில்தான். முந்நூறுக்கு மேற்பட்ட பார்ட்டிகளின் கணக்கு, யார் எத்தனை நாளில் பணம் அனுப்புவார் என்பது உட்பட, அதில் இருக்கிறது. எழுதிய தம்பி இப்போது வெளிநாட்டில். இதைத் தூக்கிப் போடு என்றால் எதைத் தூக்கிப் போடுவது?

எனவே நானும் பழைய விண்டோஸுக்குத் திரும்பியவன்தான். 2019-இல் பழைய மெஷின் மடிந்தது. புது மெஷினில் 64 பிட் விண்டோஸ் 10 இருந்தது. சர்வீஸ் தம்பி ஒருவர் தம்மிடம் இருந்த சி.டி.யைக் கொண்டு 32 பிட் விண்டோஸ் 7-ஐப் போட்டார். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. விண்டோஸ் 7 வந்த காலத்தில் இப்போதைய யு.எஸ்.பி. வழிகள் கிடையாது. அதனால் பாதி வழியில் கீ போர்டும் மௌஸும் வேலை செய்யாமல் நின்றன. எப்படியோ முடித்தார். புரோகிராம் திறந்தது. கணக்கப்பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும், காரியம் முடிந்தது என்று நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று அதன் அர்த்தம் புரிந்திருக்காது. கடையில் ஒரே மெஷின். அதிலேயே பட்டியல், அதிலேயே பேங்க், அதிலேயே ஈ-மெயில். 2022-இல் ஒரு நாள் காலை, லாரி ஆபீஸ் பில் என்று வந்த ஒரு மெயிலைக் கடைப் பையன் திறந்தான். மதியம் கணக்கப்பிள்ளை, "முதலாளி, பேரேடு திறக்கலை" என்றார். எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறியிருந்தன. பணம் அனுப்பினால் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் திரையில் நின்றது. பேக்கப் எடுக்கும் பென் டிரைவைக் கழற்றாமல் மெஷினிலேயே செருகி வைத்திருந்தோம். அதுவும் போயிற்று.

அன்று இரவு நான் தூங்கவில்லை. வெளியே நிற்கும் பணம் எவ்வளவு என்பது அடுத்த விஷயம். யாரிடம் நிற்கிறது என்பதே என் கையில் இல்லை. பார்ட்டிகளிடம் போய், "உங்கள் பாக்கி எவ்வளவு, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிற நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது.

காப்பாற்றியது எங்கள் கணக்கப்பிள்ளையின் பழைய வழக்கம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எல்லாப் பார்ட்டிகளின் நிலுவையையும் டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்து, நூல் கோத்துப் பரண்மேல் வைப்பார். "காகிதத்துக்குப் பிடித்த கேடு" என்று நானே பல தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டும், அதன் பிறகு கிழித்த பட்டியல்களின் கார்பன் பிரதிகளும் இருந்ததால், 11 நாள் இரவும் பகலும் உட்கார்ந்து நிலுவைகளை மறுபடி ஏற்றினோம். பழைய வருடங்களின் விவரம் போனது போனதுதான். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வரி பில் வேறு சாஃப்ட்வேரில், அதுவும் ஆடிட்டர் ஆபீஸிலும் ஒரு பிரதியாக, இருந்ததால் அந்த வகையில் தப்பினேன்.

இதற்குப் பழைய விண்டோஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த மெயிலைத் திறந்தால் புது விண்டோஸிலும் இது நடக்கும். ஆனால் திருத்தம் வராத மெஷின் என்பது பூட்டு ரிப்பேரான கடை மாதிரி. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். காலாவதியான எக்ஸ்.பி.க்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஒரு திருத்தம் பொதுவில் விடப்பட்டது.

ஆகவே பருப்பு வியாபாரி நண்பருக்கு என் பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் செய்து பாருங்கள். புது விண்டோஸை மாற்றாமலேயே, அதற்குள் டாஸ் போல நடந்துகொள்ளும் சிறு புரோகிராம்கள் உண்டு. வி-டாஸ் என்பது இப்படிப்பட்ட தொழில் புரோகிராம்களுக்காகவே எழுதப்பட்டது. டாஸ்பாக்ஸ் என்பதைத்தான் பலர் சொல்வார்கள், அது விளையாட்டுகளை மனத்தில் வைத்துச் செய்தது. முதலில் ஒரு பிரதியை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரிண்டர் சரியாக அடிக்கிறதா, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டியல் போட்டால் கணக்கு குழம்புகிறதா என்று இரண்டையும் சோதிக்காமல் நம்பக் கூடாது. பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு உள்ள சாஃப்ட்வேர் என்றால் இது பெரும்பாலும் கைகொடுக்காது. 2019-இல் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அது சரிப்படவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். ஆனால் விண்டோஸ் 7-க்கோ எக்ஸ்.பி.க்கோ போக வேண்டாம், 32 பிட் விண்டோஸ் 10 போதும். வாங்கிய மெஷினில் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ என்றால் விண்டோஸ் 10 ப்ரோவுக்குத் திரும்ப, அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு உள்ள வரை மட்டும் என்ற நிபந்தனையோடு, உரிமை கொடுத்திருந்தார்கள். ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை. மெஷின் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும், ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறது என்று ஹோம் வாங்கிவிட்டு அப்புறம் தவிக்கக் கூடாது. புது மெஷினின் பாகங்களுக்கு 32 பிட் டிரைவர் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். யாரோ எங்கோ இறக்கிய, எல்லாம் சேர்த்துக் கட்டிய சி.டி.யை மட்டும் கணக்கு மெஷினில் ஏற்றாதீர்கள். என் மெஷினில் ஏறியது அப்படிப்பட்டதுதான்.

விண்டோஸ் 10-க்கும் வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. அதன் பிறகு தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும், வீட்டு மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்றும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்று ஆண்டு வரை என்றும் கெடு வைத்தார்கள். எனவே திரும்பிப் போன மெஷினில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், வைஃபையையும் அணைத்துவிட வேண்டும். பட்டியலும் பிரிண்டரும் மட்டும் அதில். பேங்க், ஜி.எஸ்.டி., மெயில் எல்லாம் வேறு மெஷினில். இரண்டு மெஷினா என்று கேட்பீர்கள். ஆமாம், இரண்டு மெஷின்தான். ஒரு லோடு மிளகாய் வற்றலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அவகாசம் வாங்கும் வேலைதான். அந்த அவகாசத்தில் கணக்கை வெளியே எடுக்க வேண்டும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: பாக்ஸ்புரோவும் கிளிப்பரும் கணக்கைச் சாதாரணமாக டி.பி.எஃப். என்ற கோப்புகளில்தான் வைக்கின்றன. புரோகிராம் ஓடாவிட்டாலும் அந்தக் கோப்பைத் திறக்கலாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரே திறந்து, வரிசை வரிசையாகக் காட்டும். கலங்களின் பெயர் சுருக்கமாகப் புரியாதபடி இருக்கும். கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எது பற்று, எது வரவு என்று அரை மணியில் பிடிபட்டுவிடும். அவர் வேலையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். எங்கள் கணக்கப்பிள்ளைக்கு வயது 68.

புது சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனால், என் பேரேடு முழுவதையும் எந்த மெஷினிலும் படிக்கும்படி எடுத்துக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சங்கத்தின் மூலம் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. டாஸ் புரோகிராம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய கோப்புகளையும் பிரதி எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் கடையில் சித்திரை புதுக்கணக்கு அன்று மகமைக் கலம் வைத்து எழுதிய புது சாஃப்ட்வேரைத் தொடங்கினோம். பழையதையும் நிறுத்தவில்லை, இரண்டிலும் பட்டியல் ஏற்றி நிலுவையை ஒத்துப் பார்க்கிறோம். இன்றைய தேதிக்கு இரண்டுக்கும் 340 ரூபாய் வித்தியாசம். கணக்கப்பிள்ளை கார்பன் பிரதிகளை வைத்துக்கொண்டு தேடுகிறார்.