ஓவியப் பரீட்சையில் கலர்ப் பெட்டிக்கு மார்க் போடாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபிக்க மாட்டேன்.

போன வாரம் தங்கச்சி பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். ஓவியப் பரீட்சைத் தாளைக் காட்டினாள். கேள்வி ஒரே வரி: இயற்கைக் காட்சி ஒன்றை வரைந்து வண்ணம் தீட்டுக, 50 மதிப்பெண். அவள் வரைந்திருந்தது நம்ம ஊர்க் கண்மாய். தண்ணீர் இல்லாத கண்மாய். வெடித்த கரிசல் மண், கரையில் சீமைக்கருவேலம், மடைப் பக்கத்தில் நாலு ஆடு. பென்சிலும் ஒரே ஒரு காவிக் கலரும்தான். கிடைத்தது 19. பக்கத்தில் சிவப்பு மையில் "நீட் இல்லை".

முதல் மார்க் வாங்கிய பிள்ளை என்ன வரைந்தாளாம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. திருச்சுழிப் பக்கம் எந்த ஊரில் அம்மா இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் உதிக்கிறது? அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த ஒரு படத்தைத்தான் நாம் அவளுக்குப் பழக்கியிருக்கிறோம்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆசிரியர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். நானும் இதே வேலையைப் பல வருஷம் செய்தவள்.

நான் ஓவிய ஆசிரியை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு வந்தவள். ஓவிய சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. "டீச்சர், உங்களுக்குக் கோலம் நல்லா வருமே" என்று பீரியடை என் தலையில் கட்டினார்கள். பரீட்சை வந்தால் நானும் மயில் வரை, தாமரை வரை என்பேன். மொத்தத் தாளையும் ஒரு மத்தியானத்தில் திருத்தி முடிப்பேன். பார்த்ததும் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் 40, மங்கலாக இருந்தால் 20. அவ்வளவுதான் என் முறை.

ஒரு வருஷம் மார்க் லிஸ்ட் தொலைந்துபோனது. தாள்கள் மட்டும் இருந்தன. மார்க்கைத் தாளில் எழுதும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி உட்கார்ந்து திருத்தினேன். பிறகு பழைய லிஸ்ட் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. பாதிப் பிள்ளைகளுக்கு மேல் மார்க் மாறியிருந்தது. சிலருக்குப் பத்து மார்க்குக்கு மேல் வித்தியாசம். அதே தாள், அதே டீச்சர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு லிஸ்டிலும் மேலே இருந்தவர்கள் எல்லாம் பெரிய கலர்ப் பெட்டி வைத்திருந்த பிள்ளைகள். பட்டாசு வேலைக்கும் மில்லுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு லிஸ்டிலும் கீழே. அதாவது நான் இத்தனை நாள் பரீட்சை வைத்தது பிள்ளைக்கு இல்லை, அப்பன் மடியில் இருந்த காசுக்கு.

பயிற்சிப் பள்ளியில் ஏற்புடைமை, நம்பகத்தன்மை என்று இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினோமே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. நம்ம ஊர்ப் பூ மார்க்கெட் பாஷையில் சொல்கிறேன். அதே மல்லிகையைத் தராசில் அடுத்தடுத்து இரண்டு தரம் வைத்தால் எடை மாறக் கூடாது. அது நம்பகத்தன்மை. ஈரச் சாக்கோடு சேர்த்து நிறுத்தால் தராசு எத்தனை தரம் வைத்தாலும் ஒரே எடைதான் காட்டும், ஆனால் நிறுத்தது பூவை மட்டும் இல்லை. அங்கே ஏற்புடைமை போச்சு. என் பரீட்சையில் இரண்டும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "கலையை எப்படி டீச்சர் அளக்க முடியும்? அது அவங்கவங்க ரசனை." இது கேட்க நல்லா இருக்கும், ஆனால் சோம்பேறித்தனம். 1912, 1913-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்று இரண்டு பேர் ஒரே விடைத்தாளைப் பிரதி எடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளில் மார்க் தாறுமாறாக வந்தது. அது கட்டுரை, அப்படித்தான் வரும் என்றார்கள். சரி என்று ஜியாமெட்ரித் தாளை அனுப்பினார்கள். அதற்கு 30-க்குக் கீழேயும் போட்டார்கள், 90-க்கு மேலேயும் போட்டார்கள். கணக்கிலேயே இந்தக் கதி. அதற்காகக் கணக்குப் பரீட்சையை யாரும் நிறுத்தவில்லையே! எதற்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப் பழகினார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், டிசைன், பெயின்டிங், ஜியாமெட்ரி என்று பிரித்துப் பிரித்துத்தான் சோதிப்பார்கள். ஓவியம் என்பது ஒரே திறமை இல்லை, பல திறமை என்று நம் அரசாங்கத்துக்கே தெரியும். வகுப்பறைக்கு வரும்போது மட்டும் "இயற்கைக் காட்சி வரைக" ஆகிவிடுகிறது.

அந்த லிஸ்ட் சம்பவத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாகக் கலர்ப் பெட்டியைப் பரீட்சை அறைக்கு வெளியே வைத்தேன். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே பென்சில். ஒரு வருஷம் கரியில் வரைய வைத்தோம். சீமைக்கருவேலக் குச்சியைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியை மண் வைத்துப் பூசி, அடுப்பில் போட்டு எடுத்தால் கரிக்குச்சி. நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!

ஐம்பதில் இருபது மார்க் பார்த்து வரைவதற்கு. ஒரு சொம்பு, பக்கத்தில் ஒரு செங்கல். அளவு விகிதத்துக்கு ஐந்து. சொம்பின் வாய் கண் மட்டத்துக்குத் தக்கபடி நீள்வட்டமாக வந்திருக்கிறதா என்பதற்கு ஐந்து. (பாதிப் பிள்ளைகள் வாயை முழு வட்டமாகப் போட்டு அடியைக் கோடாக இழுத்துவிடும். அந்த இடத்தில்தான் பார்த்து வரைந்தவனும் மனசில் இருந்ததை வரைந்தவனும் பிரிவான்.) எது முன்னே, எது பின்னே என்பதற்கு ஐந்து, வெளிச்சமும் நிழலும் ஒத்துப்போவதற்கு ஐந்து. முதல் தடவை ஒரே சொம்பை நடு மேசையில் வைத்துவிட்டேன். முன் வரிசைக்கு வாய் அகலமாகத் தெரிகிறது, கடைசி வரிசைக்குக் கோடு மாதிரி. அப்புறம் நாலு இடத்தில் நாலு சொம்பு வைத்து, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தாளிலேயே எழுதச் சொன்னேன்.

பதினைந்து மார்க் டிசைனுக்கு. சேலைக்கு டிசைன் போடுகிறவர் கட்டத் தாளில்தான் போடுவார், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பத்துக்குப் பத்து கட்டத்தில் ஒரு உரு உண்டாக்கு, ஐந்து முறை கரையாக ஓட்டு, மூலையில் திருப்பு. மூலை திருப்புவதில்தான் மூளை வேலை செய்யும்.

ஐந்து மார்க், இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணில் படும் வித்தியாசத்தைச் சொந்த வார்த்தையில் எழுதுவதற்கு. மோனலிசாவை வரைந்தது யார் என்பது பொது அறிவு, ஓவியம் இல்லை. மீதிப் பத்து, பருவம் முழுக்க வரைந்த நோட்டுக்கு. ஒரு நாள் காய்ச்சலோடு வந்த பிள்ளையை அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது.

திருத்தும்போது பெயரை மறைத்துவிடுவேன். போன வருஷத்துத் தாளில் நல்லது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சுமார் ஒன்று மேசையில் மாதிரிக்கு இருக்கும். பத்துத் தாளை மட்டும் தமிழய்யாவிடம் அதே மார்க் திட்டத்தோடு கொடுப்பேன். அவர் மார்க்கும் என் மார்க்கும் நாலுக்கு மேல் விலகினால் சண்டை போடுவோம். ஒன்றிரண்டு தடவை அவர் சொன்னதுதான் சரி.

எல்லாப் பழியையும் ஆசிரியர் மேல் போடவும் மனசு வரவில்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். வருஷங்கள் ஓடி அது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆவதற்குள் எத்தனை போராட்டம்! அந்தச் சம்பளத்தில் இருக்கிறவரிடம் போய் ஏற்புடைமை பேச எனக்கே கூச்சம்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மார்க்கில் ஓவியத்துக்கு ஒரு மார்க்கும் இல்லை. இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையில் சித்திரம் ஒரு பாடமாக இருக்கிறது. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள்தானே எழுதுகிறார்கள்?

ஆனால் நாலு சொம்பு வைக்கச் சம்பளம் கூட வேண்டியதில்லை. பெயரை மறைத்துத் திருத்த அரசாணையும் வேண்டாம்.

"வரைஞ்சு என்ன மதினி ஆகப்போகுது" என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 19 மார்க் வாங்கிய பிள்ளை அன்றைக்கு என்னிடம் சொன்னது, "இனிமே மலையே வரைஞ்சிர்றேன் அம்மாச்சி." அவள் கண்ணால் பார்த்ததை வரைந்தாள். அது தப்பு என்று ஒரு பரீட்சை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இது ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களா?

உங்கள் பிள்ளைகளின் ஓவியக் கேள்வித்தாள் வீட்டில் இருந்தால் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரை மறைத்து அனுப்புங்கள். ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு என் மார்க் திட்டத்தைக் கையால் எழுதி அனுப்புகிறேன். எழுத்து இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, "நீட் இல்லை" என்று யாரும் போட்டுவிடாதீர்கள்.