நான்காவது பெயர் இல்லாத பட்டியல்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு முடிவெடுத்தபோது, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று கணக்குப் போட்டது. ஆளுக்கு எட்டு மணி நேரம்; மூவெட்டு இருபத்து நான்கு. கணக்கில் பிழை இல்லை. மூவரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, யார் வீட்டிலும் சாவு விழக்கூடாது, வார விடுப்பை யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஒருவர் பேறுகால விடுப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்று ஆள் வராவிட்டால் மீதி இருவருக்கும் தலைக்குப் பன்னிரண்டு மணி நேரம். முதல் மாதம், “நீ போய்ட்டு வாம்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்பார்கள். அது பொய்யும் அல்ல. மூன்றாவது மாதத்தில் பேச்சு வேறாகிவிடும். “அவ மகராசி மாதிரி வீட்ல இருக்கா, நாம இங்க கெடந்து சாகுறோம்.” நாள் முழுக்கக் கர்ப்பிணிகளைத் தாங்குகிற இடத்தில், கூட வேலை பார்ப்பவள் கர்ப்பமாவது மற்ற இருவருக்கும் கெட்ட செய்தியாகிவிடுகிறது.

“நர்சுங்களுக்குள்ள எப்பவும் ஒத்துப்போகாது” என்று மருத்துவமனை வராந்தாக்களில் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். நான்கு பெண்கள் கூடினால் சண்டைதான் என்ற பழைய பல்லவியின் வெள்ளைச் சீருடைப் பதிப்பு அது. நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடைக்காது. குணம் சரியில்லை என்று சொல்லிவிட்டால், ஆள் போடாதது யார் என்ற கேள்வி எழாது அல்லவா?

சம்பளத்திலும் இதே கதைதான். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நாளுக்கு 260 ரூபாய்கூட வராது. இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டும் ஓடிய பிறகு, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொன்னது. பிறகு ஊதியம் 14,000 ஆனது. அப்புறம் 18,000 ஆனது. காலியிடம் வர வரச் சிலர் நிரந்தரமானார்கள். மற்றவர்கள் சீனியாரிட்டி பட்டியலில் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாடு வார்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே தேர்வை எழுதிய இருவர் ஒரே வார்டில் நிற்கிறார்கள். ஒரே டிரிப்பை மாற்றுகிறார்கள், ஒரே இன்டென்ட் நோட்டில் எழுதுகிறார்கள், ஒரே டாக்டரிடம் திட்டு வாங்குகிறார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர் வாங்குவதைப் போல இரு மடங்குக்கும் மேல் நிரந்தரமானவர் வாங்குகிறார். பொங்கலன்று நைட் டியூட்டி யாருக்கு என்று வரும்போது, பெரும்பாலும் பெயர் விழுவது ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு. மறுத்துப் பேசினால் ஒப்பந்தம் நீளுமா என்ற பயம் அவருக்கு உண்டு என்பது ரோஸ்டர் போடும் இன்சார்ஜுக்கும் தெரியும்.

நிரந்தரத்தில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடவும் முடியாது. ஐம்பதைத் தாண்டிய சிஸ்டரைக் கேட்டால், “நாங்க படாததா? நாங்களும் கான்ட்ராக்ட்ல கெடந்துதான் வந்தோம்” என்பார். உண்மைதான். மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள் மாமியாரானதும் பேசும் நியாயம் இது. தான் பட்டது தவறு என்று ஒப்புக்கொள்வதைவிட, எல்லாரும் படத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவது மனதுக்குச் சுலபம். எல்லா இன்சார்ஜும் நேர்மையாக ரோஸ்டர் போடுகிறார்கள் என்றும் சொல்ல வரவில்லை. வேண்டியவருக்கு ஓ.பி., வேண்டாதவருக்குத் தொடர்ந்து நைட் என்ற வழக்கம் உலகறிந்தது. ஆனால் ஐம்பது நோயாளிக்கு இரவில் ஒரே ஒருவர் என்கிற இடத்தில், எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் ரோஸ்டர் யாரையாவது வதைக்கத்தான் செய்யும்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தச் செவிலியருக்கும் பேறுகாலப் பயன் சட்டம் உண்டு, வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டமே மேல் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. தீர்ப்புகள் வந்தன. வார்டில் ஆள்தான் வரவில்லை.

கொரோனா காலத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு வேலை பார்த்த தற்காலிகச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அவர்களுக்குக் கைதட்டிய ஊர் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தது. நியமனத்தில் இடஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணம். முறைப்படி எடுக்காதது அவர்கள் செய்த பிழையா? வாரியத் தேர்வு எழுதிக் காத்திருப்பவர்களுக்கோ, இவர்களை நிரந்தரமாக்கினால் தங்கள் வரிசை பின்னுக்குப் போகும் என்ற கவலை. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன.

தனியார் மருத்துவமனை இதற்குச் சளைத்ததல்ல. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த ஜெகதீஷ் பிரசாத் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்திலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கையைத் தாண்டினால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் 2016-இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர் சங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போராடியது. 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்ப இருந்த நேரத்தில், குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு வெளியானது. பக்கத்தில் நிற்பவள் மீது பாய்ந்திருக்கக்கூடிய கோபம் அங்கே போக வேண்டிய இடத்துக்குப் போனது. தமிழ்நாட்டில் பல தனியார் மருத்துவமனைச் செவிலியர் இன்னும் அசல் சான்றிதழை நிர்வாகத்தின் பீரோவில் ஒப்படைத்துவிட்டு, அனுபவச் சான்றிதழுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார்கள்.

மனமகிழ் மன்றமும் யோகா வகுப்பும் செவிலியருக்குள் மூளும் இந்தப் பகையைத் தீர்க்காது. செவிலியர் தினத்தன்று கேக் வெட்டுவதும் தீர்க்காது. ரோஸ்டரை மாதத் தொடக்கத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி ஒட்டலாம். பண்டிகை நைட் யாருக்கு எத்தனை முறை வந்தது என்பதையும் அதிலேயே எழுதலாம். இதற்குச் செலவு ஒரு தாள்தான். செலவு பிடிக்கும் காரியம் இன்னொன்று. மருத்துவமனைகளில் விடுப்பை ஈடுகட்ட முப்பது விழுக்காடு கூடுதல் செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அதை அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொருத்திப் பார்த்தால், மூன்று பேருக்கு முப்பது விழுக்காடு ஏறக்குறைய ஒருவர். அரசு அடுத்த பட்ஜெட்டில் அந்த ஒருவரைப் போடட்டும்.