புள்ளிவிவரம் பார்த்துப் பணம் கட்டினால் அது சூதாட்டம் இல்லையா?

கனடாவில் குளிர்காலம் என்றாலே ஐஸ் ஹாக்கிதான். தேசிய ஹாக்கி லீக் எனப்படும் என்.ஹெச்.எல். போட்டிகள் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கின்றன. அதன்பின் ஸ்டான்லி கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்று ஜூன் வரை நீளும். சென்னைப் பிள்ளைகளுக்கு சூப்பர் கிங்ஸ் எப்படியோ, டொரண்டோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மேப்பிள் லீஃப்ஸ் அப்படி. விளையாட்டைப் பார்ப்பதையும் ஒரு அணியை விரும்புவதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. தொழுகையும் கடமைகளும் பாழாகாத வரை அது ஆகுமான பொழுதுபோக்கே.

ஆனால் ஆட்டத்துக்கு முன்பு வரும் செய்திகளின் தன்மை சில ஆண்டுகளில் மாறிவிட்டது. யாருக்குக் காயம், இன்று கோல் காப்பவர் யார் என்று மட்டும் எழுதிய இடத்தில் இப்போது எண்கள் நிறைந்திருக்கின்றன. கடைசி 10 ஆட்டங்களில் 7 வெற்றி. வெளியூர் ஆட்டங்களில் தொடர்ந்து 4 தோல்வி. கடைசி 8 ஆட்டங்களில் 6-ல் மொத்த கோல் எண்ணிக்கை எதிர்பார்ப்பைத் தாண்டியது. அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே பந்தய விலை. அதைத் தொட்டால் பணம் கட்டும் ஆப் திறக்கிறது.

ஸ்கார்பரோவில் படிக்கும் ஒரு வாலிபர் அண்மையில் நம்மிடம் தொலைபேசியில் கேட்டார்: "ஹஜ்ரத், குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் கட்டுவதுதானே சூது? நான் அப்படிக் கட்டுவதில்லை. அணியின் ஃபார்ம், கோல்கீப்பரின் சராசரி எல்லாம் பார்த்து ஒரு மணி நேரம் கணக்குப் போட்ட பிறகுதான் கட்டுகிறேன். இது ஆய்வு இல்லையா?"

அவர் நம்மை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறார். அவரைப் போல நம்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். எனவே "ஹராம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல் அவருடைய கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

கதவு திறந்தது எப்படி?

அமெரிக்காவில் 1992-ல் வந்த ஒரு சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்தது. 2018 மே 14 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு அக்டோபரிலேயே என்.ஹெச்.எல். நிர்வாகம் எம்.ஜி.எம். என்ற சூதாட்ட நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது.

கனடாவில் முன்பு ஒரே ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. பல ஆட்டங்களைச் சேர்த்தே கட்ட முடியும். 2021 ஆகஸ்ட் 27 முதல் அந்தத் தடை நீங்கியது. 2022 ஏப்ரல் 4 அன்று ஒன்டாரியோ மாகாணம் தனியார் பந்தய நிறுவனங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. 19 வயது நிரம்பிய எவரும் கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கலாம். வெயின் கிரெட்ஸ்கி போன்ற ஹாக்கி ஜாம்பவான்களே விளம்பரங்களில் வந்தார்கள். பிள்ளைகளை இது ஈர்க்கிறது என்ற புகார் வலுத்த பிறகு, இத்தகைய விளம்பரங்களில் விளையாட்டு வீரர்கள் தோன்றுவதை 2024 பிப்ரவரி 28 முதல் ஒன்டாரியோ தடை செய்தது.

2025 அக்டோபரில் என்.ஹெச்.எல். இன்னொரு படி சென்று, கல்ஷி, பாலிமார்க்கெட் என்ற இரு "கணிப்புச் சந்தை" நிறுவனங்களோடு கைகோத்தது. அங்கே பந்தயம் என்ற சொல்லே இல்லை. "ஒப்பந்தம்", "வர்த்தகம்" என்கிறார்கள். மதுவை வேறு பெயரிட்டு அருந்தும் ஒரு கூட்டம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நமக்கு நினைவுக்கு வருகிறது. பெயர் மாறுவதால் பொருள் மாறிவிடாது.

விலைக்குள் இருக்கும் பங்கு

இப்போது வாலிபரின் கணக்குக்கு வருவோம். ஓர் ஆட்டத்தின் விலை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பலமான அணிக்கு மைனஸ் 150, எதிரணிக்கு பிளஸ் 130. பலமான அணி மீது 150 டாலர் கட்டினால் வெற்றியில் 100 டாலர் லாபம். எதிரணி மீது 100 டாலர் கட்டினால் 130 டாலர் லாபம்.

பலமான அணி மீது 60 டாலரும் எதிரணி மீது 43 டாலர் 48 சென்டும் ஒருசேரக் கட்டிப் பாருங்கள். யார் வென்றாலும் திரும்பி வருவது 100 டாலர். நாம் கட்டியதோ 103 டாலர் 48 சென்ட். அந்த மூன்றரை டாலர், ஆட்டம் தொடங்கும் முன்பே நிறுவனத்தின் பங்காக விலைக்குள் வைக்கப்பட்டுவிட்டது. விலைப் பட்டியலில் அது தனி வரியாகத் தெரியாது.

பல ஆட்டங்களை ஒன்றாகக் கோத்துக் கட்டும் "பார்லே" பந்தயத்தில் இந்தப் பங்கு பல மடங்காகிறது. சரிக்குச் சரி வாய்ப்புள்ள நான்கு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால், நான்கும் சரியாக அமைய 16-ல் ஒரு வாய்ப்பு. அப்படியானால் 100 டாலருக்கு 1,600 டாலர் திரும்பி வர வேண்டும். மைனஸ் 110 என்ற வழக்கமான விலையில் வருவது சுமார் 1,328 டாலர்தான். ஆப்பில் மிகப் பெரிதாகக் காட்டி அழைப்பதும் இந்தப் பந்தயத்துக்குத்தான்.

அமெரிக்காவில் மட்டும் 2024-ல் விளையாட்டுப் பந்தய நிறுவனங்கள் தம்மிடம் கட்டியவர்களுக்குக் கொடுத்தது போக வைத்துக்கொண்ட தொகை 1,300 கோடி டாலருக்கு மேல். அவ்வளவும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து போன பணம்.

"ஃபார்ம்" எவ்வளவு சொல்லும்?

கடைசி 8 ஆட்டங்களில் 6 முறை ஒரே மாதிரி முடிவு வந்திருந்தால், அதில் ஏதோ அர்த்தம் இருப்பதாக மனம் நினைக்கும். 32 பேரை அழைத்து ஆளுக்கு எட்டு முறை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். சராசரியாக 9 பேருக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழும். அந்த 9 பேருக்கும் எந்தத் திறமையும் இல்லை. என்.ஹெச்.எல்.-லிலும் 32 அணிகள்தான் இருக்கின்றன. எந்த வாரம் தேடினாலும் "கடைசி எட்டில் ஆறு" என்று எழுத ஏதாவது ஒரு அணி கிடைத்துவிடும்.

நீண்ட சீசனின் ஃபார்மாவது நம்பத் தகுந்ததா? 2022-23 சீசனில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி 65 வெற்றிகள், 135 புள்ளிகள் எனச் சாதனை படைத்தது. பிளே-ஆஃப் முதல் சுற்றில் ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியிடம் 3-1 என முன்னிலையில் இருந்தும் தொடரை இழந்தது. 2018-19-ல் 62 ஆட்டங்களை வென்ற தம்பா பே லைட்னிங், முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. அதே சீசனில், 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் புளூஸ், ஜூனில் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

ஹாக்கியில் கோல்கள் குறைவு. சறுக்கும் பனிமீது ஒரு தட்டு யாருடைய காலிலோ பட்டுத் திரும்பினால் ஆட்டம் மாறிவிடும். ஃபார்ம் பொய் என்று நாம் சொல்லவில்லை. பலமான அணி அதிகம் வெல்லும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஏற்கெனவே விலையில் சேர்ந்துவிட்டது. அதனால்தான் பலமான அணிக்கு லாபம் குறைவு. முதல் கோல்கீப்பருக்கு இன்று ஓய்வு என்ற செய்தியை வாலிபர் படிக்கும்போது, நிறுவனத்தின் கணினி அதைப் பார்த்து விலையை மாற்றி முடித்திருக்கும். இதையும் தாண்டித் தொடர்ந்து வெல்பவர் எவரேனும் இருந்தால், அவர் கட்டக்கூடிய தொகைக்கு வரம்பு போட்டுவிடுவது பந்தய நிறுவனங்களின் வழக்கம். தோற்பவரை விரும்பி வரவேற்று வெல்பவரை ஒதுக்கும் கடையில், ஆய்வுக்கு என்ன இடம் இருக்கிறது?

மார்க்கத்தின் பார்வை

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். கணக்குச் சரியாகவே அமைந்து ஒருவர் லாபமும் பார்த்துவிட்டால் அது ஆகுமா? ஆகாது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து ஷைத்தானின் அருவருக்கத்தக்க செயல் என்கின்றன. பகைமையும் வெறுப்பும் மூட்டி, இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பதே அதன் நோக்கம் என்று காரணமும் சொல்கின்றன. "யோசிக்காமல் கட்டுபவருக்கு மட்டும்" என்று அங்கே விதிவிலக்கு இல்லை. இரு தரப்பும் பொருளை வைத்து, நிச்சயமில்லாத ஒரு முடிவின் பேரில் ஒருவர் லாபமும் மற்றவர் நஷ்டமும் அடைவதே மைஸிர். கட்டுபவரின் படிப்பறிவு அதன் சட்டத்தை மாற்றாது.

அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்கிறது. ஆக, "நான் லாபம் பார்த்தேன்" என்பது புதிய வாதம் அல்ல.

சிலர் அபூபக்ர் (ரலி) அவர்களின் சம்பவத்தை எடுத்துக்காட்டுவார்கள். பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று அர்ரூம் அத்தியாயம் அறிவித்தபோது, அவர்கள் மக்கா இணைவைப்பாளர்களோடு பந்தயம் கட்டினார்கள், ரோமர்கள் வென்றார்கள். ஆனால் பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன்பு நடந்தது அது என்று திர்மிதியில் வரும் அறிவிப்பே தெளிவுபடுத்துகிறது. அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இருந்தது வஹீ தந்த உறுதி. நம் வாலிபரிடம் இருப்பது பத்து ஆட்டங்களின் பட்டியல். உறுதியான அறிவோடு கட்டிய பந்தயத்தின் வழியே பின்னர் அடைக்கப்பட்டுவிட்டது என்றால், பட்டியலை நம்பிக் கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

2023-ல் ஒட்டாவா அணியின் இளம் வீரர் ஒருவர், சூதாட்டம் தொடர்பான செயல்களுக்காக 41 ஆட்டங்கள், அதாவது பாதி சீசன் நீக்கப்பட்டார். அவர் என்.ஹெச்.எல். ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றும் நிர்வாகமே சொன்னது. பந்தய நிறுவனங்களிடம் பணம் பெறும் லீக், தன் சொந்த வீரர் அதன் அருகில் போனால் தண்டிக்கிறது. அதன் ஆபத்தை அவர்கள் நன்கு அறிந்தே இருக்கிறார்கள்.

ராமநாதபுரத்திலோ காயல்பட்டினத்திலோ இருந்து மகனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு இது புரியாமல் போகலாம். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் சட்டம் வந்தது. அங்கேயோ அது சட்டப்படியான வணிகம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஹலாலும் ஹராமும் மாறாது என்பதைப் பயணத்துக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

செலவுக்கு அனுப்பிய பணம் மாத நடுவில் தீர்வது, காரணம் சொல்லாமல் கடன் கேட்பது, தனக்குப் பிடித்த அணியே ஆடாத ஆட்டத்தையும் நள்ளிரவு வரை பார்ப்பது ஆகியவற்றைக் கண்டால் அன்போடு கேளுங்கள். கத்தினால் மறைப்பார்கள்; மறைத்தால் கிரெடிட் கார்டு, அதன் வட்டி என்று ஒரு ஹராமிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். ஒன்டாரியோவில் பந்தய நிறுவனங்கள் "சுயவிலக்கு" வசதி தர வேண்டும். கணக்கை நாமே பூட்டிக்கொள்ளலாம். கனெக்ஸ்ஒன்டாரியோ என்ற இலவச உதவிச் சேவையும் உண்டு. அதை நாடுவது வெட்கமல்ல. பள்ளிவாசல் இமாம்களும் ஜும்ஆ உரைகளில் இதைப் பெயர் சொல்லியே பேச வேண்டும். "சூது கூடாது" என்று பொதுவாகச் சொன்னால், தான் செய்வது சூது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

அந்த வாலிபரிடம் நாம் ஒன்று மட்டும் கேட்டோம்: "தம்பி, இவ்வளவு கணக்குப் பார்க்கிறீர்களே, கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தீர்களா?" அவர் கூட்டிப் பார்த்ததில்லை. வென்ற இரவுகள் ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தன. மூன்று நாள் கழித்து அவரே அழைத்தார். தொகையைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. "வாப்பாவிடம் எப்படிச் சொல்வது ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

"வா, சூதாடலாம்" என்று வாயால் அழைத்தவரே தர்மம் செய்யட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். வெறும் அழைப்புக்கே பரிகாரம் சொன்ன மார்க்கம், விழுந்தவர் எழுந்து வர தவ்பாவின் வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வாசலுக்குப் பிள்ளையை அழைத்துவரும் கை முதலில் பெற்றோருடையதாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் நேரத்தையும் ஹலாலான வழியில் ஆக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.