லேத் வேலை சுத்தமாக இருந்தால் மட்டும் போதுமா?



மாணவர் மலரில் துப்பாக்கியைப் பற்றி என்னடா எழுத்து என்று சீனியர்கள் கேட்கலாம். அதுவும் ஓர் இயந்திரம்தானே! மெக்கானிக்கல் படிக்கிற நாம் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இத்தாலியில் பிரெஷியா மாகாணத்தில் கார்டோனே என்றொரு ஊர். பெரெட்டா தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1526-லேயே வெனிஸ் அரசுக்குத் துப்பாக்கிக் குழல் செய்து கொடுத்த பரம்பரை. அங்கே துல்லியோ மரெங்கோனி என்பவர் வடிவமைத்ததுதான் ‘மாடல் 38’ சப்-மெஷின் கன். 9 மி.மீ. தோட்டா. இரண்டு விசைகள், முன்னதை அழுத்தினால் ஒவ்வொன்றாகச் சுடும், பின்னதை அழுத்தினால் சடசடவென்று கொட்டும். உருக்கைக் கடைந்து, மெருகேற்றிச் செய்த பாகங்கள். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

ஆனால் போர் காத்திருக்குமா? 1940 ஜூனில் முசோலினி இத்தாலியைப் போரில் இறக்கினார். ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு மெஷினிங் என்றால் கட்டுப்படியாகாது. 1942-ல் வந்த ‘38/42’-ல் குழலைச் சுற்றியிருந்த துளை போட்ட உறையை எடுத்துவிட்டார்கள்; குழலைக் குட்டையாக்கினார்கள்; தகட்டை அச்சில் அழுத்திச் செய்த பாகங்களைச் சேர்த்தார்கள். வேலையும் குறைந்தது, எடையும் குறைந்தது. புரொடக்‌ஷன் பாடத்தில் நாம் படிப்பதும் இதைத்தானே? பரீட்சையில் எழுதினால் முழு மார்க் போடலாம்!

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. 1943 செப்டம்பர் 8-ல் நேச நாடுகளிடம் இத்தாலி பணிந்த செய்தி வெளியானது. உடனே ஜெர்மானியர்கள் வடபகுதியைப் பிடித்தார்கள். அதே தொழிற்சாலை, அதே டிராயிங்... துப்பாக்கி மட்டும் ஆக்கிரமித்தவன் கைக்குப் போனது! மலையில் மறைந்திருந்து போராடிய இத்தாலியக் கொரில்லாக்களும் அதையேதான் தூக்கினார்கள். ஊரை அடக்க வந்தவனுக்கும் அதுதான், மீட்கப் போனவனுக்கும் அதுதான். இரும்புக்கு ஏது கட்சி?

இரும்புக்கு இல்லை, செய்கிற மனிதனுக்கு உண்டு. 1943 மார்ச்சில் டூரின் நகர ஃபியட் தொழிலாளர்கள் மெஷினை நிறுத்தினார்கள். வயிற்றுப்பாட்டுக்காகவும், போர் முடிய வேண்டும் என்பதற்காகவும்தான். 1944 மார்ச்சில் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதே வடஇத்தாலியில் பல ஆலைகள் வேலைநிறுத்தம் செய்தன. பலரை ஜெர்மன் முகாம்களுக்கு ஏற்றிவிட்டார்கள்.

எங்க குடும்பத்துல பாலிடெக்னிக் படி ஏறின முதல் ஆள் நான். ‘ஒரு வேலை கிடைச்சா போதும்டா’ என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். அதில் தப்பே இல்லை, அடுப்பு எரியணுமே. சேர்ந்த முதல் நாளே கேள்வி கேட்டால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் என்பதும் தெரியும். அதற்காக, ‘டிராயிங்கில் இருந்த அளவுக்குச் செய்தேன், மற்றது என் பொறுப்பல்ல’ என்று சொல்லவா மூன்று வருஷம் படிக்கிறோம்? தனியாகக் கேட்க முடியாததைச் சேர்ந்து கேட்கலாம். சங்கம் என்று ஒன்று இருப்பது அதற்குத்தான்.

நண்பர்களே! வெர்னியர் அளவைச் சொல்லும். யாருக்கு, எதற்கு என்று சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.