மாத்திரைக்குள் அடங்காத காரட்

இதயத்துக்கு நல்லது, தோலுக்கு நல்லது, முதுமையைத் தள்ளிப்போடும். மருந்துக் கடைகளில் பளபளக்கும் டப்பாக்களில் விற்கும் 'ஆன்டி ஆக்ஸிடென்ட்' மாத்திரைகளின் பெருமை இப்படி நீள்கிறது. டாக்டர் சீட்டுகூடப் பெரும்பாலும் கேட்பதில்லை. காய்கறி நறுக்க நேரமில்லாதவருக்கும் சிகரெட்டை விட மனமில்லாதவருக்கும் இது ஒருவகை இன்ஷூரன்ஸ். சிகரெட் ஆசாமிக்கு இந்த இன்ஷூரன்ஸே வினையாகலாம் என்று தெரியவந்து 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தத்துவம் என்னவோ எளிமையானதுதான். உடல் ஆக்ஸிஜனைக் கொண்டு உணவைச் சக்தியாக மாற்றும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஜோடி சேராத எலக்ட்ரானுடன் அலையும் இவை, செல்லின் சவ்வு, மரபணு என்று அகப்பட்டதைத் தாக்கும். புகையிலைப் புகை இவற்றைப் பெருக்கும். முதுமைக்கே இவைதான் காரணம் என்றார் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன், 1956-ல். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் போன்றவை இவற்றை அடக்கக்கூடியவை. காய், பழம் நிறையச் சாப்பிடுபவர்களிடம் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகளும் காட்டின. அப்படியானால் அந்தச் சத்தை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் என்ன?

பின்லாந்தில் இதைச் சோதித்தார்கள். 50 முதல் 69 வயது வரையிலான, புகைக்கும் ஆண்கள் 29,133 பேர். 5 முதல் 8 ஆண்டுகள் வரை சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. 1994-ல் வெளியான முடிவு டாக்டர்களையே திடுக்கிட வைத்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். தற்செயலாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் புகைப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த சோதனை, 21 மாதங்கள் முன்னதாகவே 1996-ல் நிறுத்தப்பட்டது. அங்கே புற்றுநோய் 28 சதவீதம், மரணம் 17 சதவீதம் அதிகம். வைட்டமின் ஈ-யும் தப்பவில்லை. அதைத் தனியாக அதிக அளவில் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக இன்னொரு பெரிய ஆய்வு 2011-ல் தெரிவித்தது.

ஃப்ரீ ராடிக்கல்கள் முழு வில்லன்கள் அல்ல என்பது ஒரு காரணம். நோய்க்கிருமிகளைக் கொல்ல வெள்ளை அணுக்கள் இவற்றைத்தான் ஆயுதமாக்குகின்றன. தவிர, புகை மண்டிய நுரையீரலில் மிதமிஞ்சிய பீட்டா கரோட்டினே ஆக்ஸிஜனால் சிதைந்து தீங்கு செய்கிறது என்று கருதப்படுகிறது. காரட் சாப்பிட்டு இந்தக் கதிக்கு ஆளானதாகத் தகவல் இல்லை. அதில் இருப்பது குறைந்த அளவு. கூடவே நார்ச்சத்தும் இன்னும் பல பொருட்களும்.

சமையலறை ஏற்கெனவே செய்துவருவது பெரும்பாலும் சரிதான். கீரையிலும் காரட்டிலும் உள்ள கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்; தாளிப்பே போதும். தக்காளியின் லைகோபீன், பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கினால்தான் நன்றாகக் கிடைக்கும். வைட்டமின் சி நேர்மாறு, சூட்டில் அழியும். அதற்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் போதும். இரண்டிலும் ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் புளூபெர்ரிக்குப் பர்ஸைக் காலி செய்ய வேண்டியதில்லை. மஞ்சளின் குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் சேர்வதே அரிது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு வரை கூடுவதாக 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு கண்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன கணக்கு: நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம். பல வீடுகளில் இதில் பாதியாவது தேறுமா என்பது சந்தேகமே.

மாத்திரைக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதுமையில் விழித்திரையின் மையம் நலியும் நோய் ஓரளவு முற்றியவர்களுக்கு, துத்தநாகம் சேர்ந்த ஆன்டி ஆக்ஸிடென்ட் மாத்திரை பார்வை இழப்பைத் தள்ளிப்போடுவதாக 2001-ல் நிரூபணமானது. கண் டாக்டர்கள் இதை எழுதித் தருகிறார்கள். ஆனால் 2013-ல் அந்த மாத்திரையின் கலவையும் திருத்தப்பட்டது. அதிலிருந்து வெளியேற்றப்பட்டது பீட்டா கரோட்டின்.