முன்னாள் ராணுவ வீரரின் மனக்காயத்தை ஆற்றுவது யார்?

போரில் காலை இழந்து வந்த வீரரை ஊரே பார்க்கிறது. சர்க்கார் உதவிப்பணம் தருகிறது. அக்கம்பக்கத்தார் அனுதாபப்படுகிறார்கள். உடம்பில் கீறல்கூட இல்லாமல் திரும்பி, நள்ளிரவில் அலறி எழுகிறவரின் வேதனை மனைவி மக்களுக்கு மட்டுமே தெரியும். தெருவாருக்குத் தெரிந்ததெல்லாம், "பட்டாளத்துக்காரர் குடிக்கிறார்" என்பதுதான்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 'தம்பி' என்று பட்டாளத்தில் செல்லமாக அழைக்கப்படும் வீரர்களைக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் அல்சூரில்தான் இருக்கிறது. சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகிறார்கள். பிறகு பாங்கு வாசலிலும் தொழிற்சாலை கேட்டிலும் காவல் வேலை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். 1999-ல் கார்கில் போர் நடந்தது. உயிரோடு திரும்பியவர்கள் அந்த நாட்களையும் மனதில் சுமந்துகொண்டுதான் வந்தார்கள்.

அமெரிக்கா கண்ட வழி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மனநோயாளிகள். கவனிக்கப் போதிய நிபுணர்கள் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் நல நிர்வாகம் வெளியே ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. 1946-ல் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, மனோதத்துவ நிபுணர்களைத் தானே பயிற்றுவிக்கத் தொடங்கியது. வியட்நாம் போருக்குப் பின், 1980-ல், போரின் அதிர்ச்சியால் வரும் மனக்கோளாறு மருத்துவ நூலில் தனிப் பெயரோடு இடம் பெற்றது.

அங்கே மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினாலும் படிப்பு முடிந்துவிடுவதில்லை. பலர் மேலும் ஓராண்டு, உதவித்தொகையோடு, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். மூத்த நிபுணர் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கிறார்கள். நடந்த பயங்கரத்தை வீரர் படிப்படியாக, அச்சம் தணியும்வரை எடுத்துச் சொல்லப் பழக்குவது ஒரு முறை. "என்னால்தான் நண்பன் செத்தான்" என்று உள்ளே அரிக்கும் எண்ணத்தை அலசிப் பார்ப்பது இன்னொரு முறை. குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்கக் கற்கிறார்கள். புத்தகத்தை மட்டும் படித்து இந்தக் கை பழகாது.

இங்கே உள்ள குறை

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. முன்னாள் வீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உள்ளது. ராணுவத்தினருக்கென 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனி டெலி-மானஸ் தொலைபேசிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில், பாலிகிளினிக் நாற்காலியில், பட்டாள வாழ்க்கையை அறிந்து பயின்ற ஆள் வேண்டாமா?

"நம் ஜவான் மன உறுதி உள்ளவன், அவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சுதான் பலருடைய வாயை அடைத்து வைத்திருக்கிறது. குண்டு பாய்ந்த இடத்தில் ரத்தம் வந்தால் அது கோழைத்தனம் ஆகுமா? மனதில் பட்ட காயமும் அப்படித்தான். வெளியே தெரிந்தால் செக்யூரிட்டி வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளிக்குத் தந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெங்களூரில் தொடங்கலாம்

நிம்ஹான்ஸ் நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. விமானப்படையின் கமாண்ட் ஆஸ்பத்திரியும் இங்கேதான். பட்டமேற்படிப்புக்குப் பிந்திய சிறப்புப் பயிற்சிகள் நிம்ஹான்ஸுக்குப் புதியவை அல்ல. மூன்றையும் இணைத்து, மருத்துவ உளவியல் முடித்தவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் மனநலத்தில் ஓராண்டுப் பயிற்சியை மத்திய அரசு தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்குப் பாலிகிளினிக்குகளில் நிரந்தர வேலை தர வேண்டும். சில இடங்களை முதலில் நிரப்பிப் பார்த்தால், செலவு பெரிதாகாது.

மொழியை மறந்துவிடக் கூடாது. பட்டாளத்தில் இந்தியில் கட்டளை கேட்டவர், கனவில் அலறுவது தாய்மொழியில். அரைகுறை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அவர் நெஞ்சைத் திறக்க முடியாது. ஆகவே பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை அண்டை வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். குடிகாரர் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு இந்த எண்ணை யாராவது கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எல்லையில் அவர் விழித்திருந்த இரவுகளில்தான் நாடு நிம்மதியாகத் தூங்கியது. இன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அதற்கு வழி செய்வது நாட்டின் கடன் அல்லவா?