வெளுத்ததெல்லாம் பாலாகுமா?

பழையதைப் போற்றுவதும் புதியதை விரும்புவதும் மனித இயல்பு. இவ்விரு விருப்பங்களும் ஒரே பொருளின்மீது மோதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. வெண்மையாக இருந்த பிளாஸ்டிக் கவசம் ஒன்று காலப்போக்கில் மஞ்சளாகிவிட்டது. அதை மீண்டும் வெண்மையாக்கலாமா, கூடாதா? கேட்பதற்குச் சிறு கேள்விதான். ஆனால் வேதியியல் மாணவன் என்ற முறையில் இதை எண்ணிப் பார்த்தபோது, விடை அவ்வளவு எளிதன்று என்று உணர்ந்தேன்.

நான் சொல்லும் கவசம் போர்க்களத்துக் கவசம் அன்று, திரைப்படக் கவசம். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தில், பேரரசின் படைவீரர்களான ‘ஸ்டார்ம்ட்ரூப்பர்’கள் தலை முதல் கால் வரை வெண்கவசம் பூண்டு வருவார்கள். பார்ப்பதற்கு உறுதியான உலோகம் போலத் தோன்றும் அது, உண்மையில் மெல்லிய பிளாஸ்டிக். தகட்டைச் சூடாக்கி இளகச் செய்து, அச்சின்மேல் கவிழ்த்து, அடியிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால், தகடு அச்சோடு ஒட்டி அதன் வடிவைப் பெறும். மார்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் செய்து பூட்டிக்கொள்வார்கள். இன்று பல நாடுகளில் இரசிகர்கள் இவ்வாறே தமக்கும் கவசம் செய்து அணிகிறார்கள். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘501-ஆம் படையணி’ என்னும் இரசிகர் அமைப்பினர், இக்கோலத்தில் மருத்துவமனைகளுக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளை மகிழ்விக்கிறார்கள்.

இக்கவசங்களுக்குப் பெரிதும் பயன்படுவது ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அக்ரைலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்த பலபடி அது. எளிதில் உடையாத தன்மையை அதற்குத் தருவது பியூட்டாடையீன் பகுதி. விந்தை என்னவென்றால், வலிமை தரும் அப்பகுதியே அதன் பலவீனமும் ஆகும். அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தாக்குகின்றன. மஞ்சள் நிறம் காட்டும் புதிய தொகுதிகள் தோன்றுகின்றன; மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆகவே மஞ்சள் என்பது மேலே படிந்த அழுக்கு அன்று. பொருளிலேயே நேர்ந்த மாற்றம். மென்மையான சோப்பு நீரால் துடைத்தால் தூசியும் கைபட்ட பிசுக்கும் போகும். இந்த மஞ்சள் போகாது.

போக்குவதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய கணினிகளைச் சேகரிப்போர் 2008-ஆம் ஆண்டளவில் ஒரு முறையைப் பரப்பினர். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசியோ, அதில் பொருளை அமிழ்த்தியோ, புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் மறையும். கவசக்காரர்களும் அதைக் கைக்கொண்டனர். கையுறையும் கண்காப்பும் இன்றிச் செய்தால் தோலும் கண்ணும் புண்ணாகும். பூச்சு ஓரிடத்தில் காய்ந்து ஓரிடத்தில் தேங்கினால் திட்டுத்திட்டாக வெளுக்கும். அவசரப்பட்டு அசிட்டோனால் துடைப்பவர் கவசத்தையே இழப்பார், ஏ.பி.எஸ். அதில் கரைந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால், முன்னரே மெலிந்த தகடு மேலும் மெலியும். எல்லாம் சரியாகச் செய்தாலும், பெராக்சைடு நிறத்தை மாற்றுமேயன்றி அறுந்த பலபடித் தொடர்களை மீண்டும் இணைக்காது. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்புவதும் உண்டு. மஞ்சளேறிய வேட்டிக்கு நீலம் போட்டால் கண்ணுக்கு வெள்ளை; நூலுக்கு வயது குறைவதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் வெளுக்கவே கூடாதா? அவ்வாறு நான் சொல்லவில்லை. அப்பொருள் இன்று எதற்காக இருக்கிறது என்பதே முதற்கேள்வியாக வேண்டும் என்கிறேன்.

இரசிகர் ஒருவர் தம் கையால் செய்து, அணிந்து திரியும் கவசத்தின் பணி வெண்மையாகத் தோன்றுவது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை, திரையில் கண்ட வீரனையே நேரில் காண விரும்புகிறது. அக்கவசத்தை உரியவர் பாதுகாப்பாக வெளுத்துக்கொள்வதில் குற்றமில்லை. மீண்டும் பழுதானால் புதுத்தகட்டில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

1976-இல் படப்பிடிப்பில் நடிகர்கள் அணிந்த மூலக் கவசத்தின் நிலை வேறு. அதற்கு மாற்று இல்லை. இக்கவசம் பற்றி ஒரு வழக்கே நடந்தது. அதன் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படம் எடுக்கும் பணியில் பயன்பட்ட பொருளே என்ற முடிவை ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. சட்டத்திற்கு அது பொருந்தலாம். ஆனால் பயன்பாட்டுப் பொருளே பிற்காலத்தில் வரலாற்றுச் சான்றாகிறது என்பதை நாம் மறக்கலாகாது. பானை ஓடும் ஒருநாள் பயன்பாட்டுப் பொருள்தானே! கவசத்தின் கீறலும், அவசரமாக ஒட்டிய தடமும், ஒளிபட்ட பக்கம் மிகுதியாகவும் படாத பக்கம் குறைவாகவும் ஏறிய மஞ்சளும் அது கடந்து வந்த காலத்தைச் சொல்கின்றன. வெளுத்தல் திரும்பப் பெற முடியாத செயல். திருப்ப இயலாததைத் தவிர்ப்பது பாதுகாப்புக் கலையின் அடிப்படை நெறி.

“படத்தில் வெள்ளையாகத்தானே இருந்தது? வெளுத்தால்தானே உண்மை?” என்று கேட்கலாம். படத்தின் வெண்மை படச்சுருளில் இருக்கிறது. அதை அங்கே காணலாம். நம் கண்முன் உள்ள பொருளின் உண்மை அதன் வயதோடு சேர்ந்தது. வயதைத் துடைத்த மூலத்திற்கும் நேற்றுச் செய்த நகலுக்கும் பார்வைக்கு வேறுபாடு என்ன மிஞ்சும்?

எனவே மூலப்பொருளுக்கு வேண்டியது வெளுப்பு அன்று, காப்பு. வெயில் படாத, வெப்பம் மிகாத இடம் வேண்டும். காட்சிப்பெட்டியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும். ஒளியால் எளிதில் கெடும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு ஒளியை வரம்பாகக் கொள்வது வழக்கம். அதையே இதற்கும் கொள்ளலாம்.

கல்லையும் செம்பையும் காக்கப் பழகிய உலகம், பிளாஸ்டிக்கைக் காக்க இப்போதுதான் பழகி வருகிறது. இருபதாம் நூற்றாண்டு விட்டுச்சென்ற பொருள்களில் எத்தனையோ பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றைக் காக்கும் பொறுப்பு வேதியியல் பயிலும் நம் தலைமுறையையும் சேரும். பெராக்சைடுப் புட்டியைத் திறக்குமுன் ‘இது எதற்கான பொருள்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.